சூலியா தெருவில் பாதிப் படம்

சூலியா தெருச் சாப்பாட்டுக் கடை டிவியில் புரியாத பாஷையில் ஒரு வெளிநாட்டுப் படம். லாரி ஓட்டும் கிழவி, வழியில் ஏறிக்கொண்ட சிறுமி. கீழே ஓடும் மலாய் எழுத்தை எதிரில் இருக்கும் லாரிக்கார அண்ணன் எனக்குத் தமிழில் சொல்கிறார். சிறுமி இறங்கக் கதவைத் திறக்கும்போது பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு. முதலாளி டிவியை அணைக்கிறார்; எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

பாங்கு முடிந்து டிவியைப் போட்டால், லாரி ஓடுகிறது. கிழவி முகம் மட்டும் தெரிகிறது.

"இறங்கிடுச்சாண்ணே?"

"இல்லலா தம்பி. கிழவிக்கு ரேடியோவே ஆகாது, பொண்ணுதான் போடும். இப்போ பாடுதுல்ல? உள்ளதான் இருக்கு."

கேமரா திரும்புகிறது. பக்கத்து சீட் காலி. ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது.

மனுஷன் அசரவில்லை. தே தாரிக் டீயை ஒரே மடக்கில் குடித்து வைக்கிறார்.

"ரேடியோவ அணைக்கல பாத்தியா? அடுத்த யூ-டர்ன்ல கிழவி திரும்பிடும்லா."