வெடி நேரத்தில் ஒரு கதிரை

சமாதான காலத்தில் புளியங்குளத்துக்குக் கிழக்கே திரும்பி வந்து, வீடு கட்டி ஒரு மாரிகூடக் கழியவில்லை. ஒரு மத்தியானம் குசினித் தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன. காலடியில் நிலம் உதறியது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முற்றத்தில் குப்புற விழுந்தேன். வேலிக்கு அப்பால் அயல் பெண்களும் அப்படியே கிடந்தார்கள். நிலம் நடுங்க, அந்த நிலத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்க எங்களால்தான் முடியும். ஷெல்லுக்குப் பழகிய உடம்பு. ஆனால் வானத்தில் ஒரு சத்தமும் இல்லை. வயிற்றுக்குக் கீழே நிலம்தான் குமுறியது.

வீதி போடக் கருங்கல் வேண்டுமென்று காட்டோரப் பாறையில் குவாரி திறந்திருந்தார்கள். பாறையில் ஆழத் துளைபோட்டு, மருந்து இறுக்கி வெடிக்க வைக்க, அந்த அதிர்வு எங்கள் அத்திவாரம்வரை வந்தது. பிறகு அதற்கொரு ஒழுங்கும் வந்தது. சிவப்புக் கொடிக்காரர் விசில் ஊதிக்கொண்டு சைக்கிளில் வருவார். நாங்கள் அடுப்பை அணைத்துவிட்டு றோட்டில் போய் நிற்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவு காலம் ஓடியது காணாதா?

நானும் என் மனுசனும் எங்கள் கையாலேயே அச்சில் அரிந்த சீமெந்துக் கல்லால் கட்டிய சுவர் அது. கதவு நிலைக்கு மேலே தொடங்கிய கீறல் ஒவ்வொரு வெடிக்கும் நீண்டது. அந்தச் சுவரடியில்தான் பிள்ளைகள் படுப்பார்கள். குவாரிக்கு நான் நடையாய் நடக்க, கடைசியில் மேற்பார்வை பார்க்கும் பெடியன் ஒருவன் வந்தான். கீறலை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சின்ன அதிர்வு அக்கா. ஷெல்லடிக்குள்ள இருந்த சனம், இதுக்குப் போய்ப் பயப்பிடுறியளே?"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஆனாலும் வீட்டுக்கு வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் விடலாமா? ஊற்றினேன். கதிரையை இழுத்து, கீறலுக்கு நேர் கீழே போட்டேன்.

"இருந்து ஆறுதலாக் குடியுங்கோ தம்பி. இண்டைக்கு வெடி முடியுமட்டும் நீங்கள் உள்ளுக்கு இருங்கோ. நான் றோட்டில நிக்கிறன்."

அவன் இருந்தான். அரைக் கோப்பைகூட முடியவில்லை, விசில் கேட்டது. துள்ளி எழும்பினான்.

"வாங்கோ அக்கா, வெளியில போவம். உள்ளுக்கு ஒருத்தரும் இருக்கக் கூடாது."

"ஏன் தம்பி? சின்ன அதிர்வுதானே?"

அந்தக் கதிரையில் நானே போய் இருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, பொய் சொல்லவில்லை. ஆனால் எழும்பவில்லை. றோட்டுக்குப் போயிருந்த அயல் பெண்கள், நான் வராததைக் கண்டு, ஒவ்வொருவராகத் திரும்பித் தங்கள் வீடுகளுக்குள் புகுந்தார்கள்.

"வைக்காதேங்கோ! வைக்காதேங்கோ!" என்று கத்திக்கொண்டு பெடியன் குவாரிப் பக்கம் ஓடினான்.

அன்று வெடி வைக்கவில்லை. அடுத்த நாளும் நாங்கள் அசையவில்லை. பிறகு முதலாளியே வந்து கதைத்தார். மருந்தைக் குறைத்து, பாறையின் மற்றப் பக்கத்தில் துளை போடத் தொடங்கினார்கள். கோப்பைகள் இலேசாகக் கிணுகிணுக்கும், அவ்வளவுதான். கீறலுக்கு என் மனுசன் சீமெந்து பூசினார்.

பின்னர் சண்டை திரும்ப வந்து, அந்த வீட்டையும் விட்டுப் போனோம். மீண்டும் வந்து பார்த்தபோது அந்தச் சுவர் தரைமட்டமாகக் கிடந்தது. அதை விழுத்த ஒரு யுத்தம் வரவேண்டியிருந்தது. குவாரிக்கு நான் அதை விழவிடவில்லை.