பின் கண்ணாடியில் ஒரு கோபுரம்

புத்தூரில் பதினெட்டு வருஷமாகக் கார் கழுவும் வாட்டர் சர்வீஸ் நடத்துகிறேன். "சலீம் கையில போகாத கறை இல்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அந்தத் திமிர் ஒரே சாயங்காலத்தில் இறங்கியது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு ஸ்ரீரங்கத்து ராகவன் சாமி கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். வண்டி இரண்டு வருஷம் வேப்பமரத்தடியிலேயே நின்றது. பேட்டரி மாற்றி மெக்கானிக் ஓட்டி வந்தபோது அது வெள்ளைக் கார் என்று சத்தியம் செய்தால்கூட யாரும் நம்பமாட்டார்கள். மேலே பிசினும் காக்கா எச்சமும். ரப்பர் ஓரமெல்லாம் பாசி. உள்ளே கண்ணாடி முழுக்கப் பூஞ்சை.

கூடவே ஆட்டோவில் வந்த சாமி சொன்னார்: "நாளன்னிக்கு என் பொண்ணு கோதைக்குக் கல்யாணம், பாய். புக்காத்துக்கு இந்த வண்டிலதான் அவளை அனுப்பணும். துளி அழுக்கு இருக்கப்படாது."

"புதுசாவே ஆக்கிடறேன் சாமி. சாயங்காலம் வந்து எடுத்துக்கங்க."

முதலில் வெறும் தண்ணீர், பிறகு ஷாம்பு நுரை. ஒன்றும் அசையவில்லை. அப்புறம்தான் பிசுக்கை எடுக்கும் டிகிரீசரை எடுத்தேன். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, கதவின் அடியில் கொஞ்சம் தடவி, பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துக்கொண்டேன். வண்டியை நிழலில் நிறுத்தி, கெமிக்கல் காய்வதற்குள் கழுவிவிட்டேன். இதுவரை எல்லாம் சரியாகத்தான் செய்தேன்.

உள்ளே பூஞ்சையைத் துடைத்தபோது பின் கண்ணாடி மூலையில் சிவப்பாகச் சில கோடுகள். ஏதோ கிறுக்கல். ஷாம்புக்குப் போகவில்லை, டிகிரீசருக்கும் போகவில்லை. எனக்கோ கோபம் மூக்குக்கு மேல் வரும். என்னிடமா உன் வேலை என்று பெயிண்டையே கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது. பாட்டுப் பாடிக்கொண்டே டயருக்குப் பாலிஷ் போடப் போனேன்.

சாயங்காலம் சாமியும் கோதையும் வந்தார்கள். பியூட்டி பார்லரிலிருந்து நேராக வந்த பெண்ணுக்குக் கையெல்லாம் காய்ந்து சிவந்த மருதாணி. சாமி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "பேஷ், பேஷ்" என்றார். பிறகு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி மூலையை விரலால் தடவினார்.

"பாய், இங்க ஒரு கோபுரம் இருந்துதே?"

எனக்குப் புரியவில்லை. கோதைதான் சொன்னாள். "நான் ஆறு வயசுல அம்மாவோட நெயில் பாலிஷை எடுத்து ராஜகோபுரம் வரைஞ்சேன். அப்பா இத்தனை வருஷமா யாரையும் அதைத் தொட விடலை."

"கிறுக்கல்னு நினைச்சு தின்னர் போட்டுட்டேன் சாமி. கேட்டிருக்கணும். என் தப்புதான்."

சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துளி அழுக்கு இருக்கப்படாதுன்னு நான்தானே சொன்னேன்" என்றார். அதற்குப் பதில் அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கோதை சிரித்துவிட்டாள். "அப்பா, அது கிறுக்கல்தான்." கைப்பையைத் திறந்து ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். பின் சீட்டில் மண்டிபோட்டு அடியிலிருந்து வரைய ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு அஞ்சு நிலைதான் போட்டே. பாலிஷ் தீந்துபோச்சுன்னு ஒரே அழுகை" என்றார் சாமி.

"இன்னிக்கு ஃபுல் பாட்டில் இருக்குப்பா."

ஆறு, ஏழு என்று சாமி சத்தமாக எண்ண ஆரம்பித்தார். கூட நானும் எண்ணினேன். ராஜகோபுரத்தின் உச்சி நிலையான பதிமூன்றாவது வந்தபோது அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாலிஷ் காயட்டும் என்று கடை டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து கதவோரம் வைத்தேன்.

ஸ்ட்ராங்கான கெமிக்கலைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் திறக்கும் முன் வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதை நான் அன்றுதான் கற்றேன்.

அந்த வண்டி இன்றும் என்னிடம்தான் வருகிறது. பின் கண்ணாடிக்கு வெறும் ஈரத்துணி, அதுவும் கோபுரத்தைச் சுற்றித்தான். பதிமூன்று நிலையும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.