சிவகாசி வழியே ஒரு படகு

அதிகாலை 4.30. கொல்லத்தை விட்டுக் கிளம்பினோம். நான், ராஜபாளையத்து டிரைவர் கருப்பசாமி, அவருடைய பிக்கப் வண்டி, அதன் பின்னால் நாலு சக்கர டிரெய்லரில் என் படகு. இருபத்தோரு அடி நீளம். பழைய படகுதான், எனக்குப் புதுசு. பதினாறு வருடம் மருந்துக் கம்பெனியில் பை தூக்கியது போதும் என்று வேலையை விட்டுவிட்டு, தொண்டியில் சுற்றுலா வருகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகக் கொல்லத்தில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை முதல் சவாரி. எட்டு ஆசிரியர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

இந்தப் படகில் இஞ்சின் உள்ளே இருக்கும். கியரும், தண்ணீரைத் தள்ளும் காத்தாடியும் சேர்ந்த ஒரு கால் மட்டும் பின்னால் வெளியே தொங்கும். அது எங்கும் இடிக்கக் கூடாது, உள்ளே தண்ணீர் இறங்கினால் கியர் போய்விடும் என்று விற்றவர் மூன்று முறை சொல்லியனுப்பினார். காலை உயரத் தூக்கிக் கயிற்றால் கட்டியிருந்தேன்.

9.50, ராஜபாளையம். டீ பன்னிரண்டு ரூபாய். செங்கோட்டையிலிருந்து இங்கே வருவதற்குள் நாற்பத்திரண்டு வேகத்தடைகள். ஒவ்வொன்றுக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததில் பிடரி வலித்தது.

"பொண்ண மாமியா வீட்டுக்கு அனுப்புறவுக கூட இம்புட்டுத் திரும்பிப் பாக்க மாட்டாக அண்ணாச்சி" என்றார் கருப்பசாமி.

11.15. சிவகாசிக்கு முன்பு சாலை வேலை. விஸ்வநத்தம் வழியாகத் திருப்பிவிட்டார்கள். ஊரைத் தாண்டி, ஒரு பட்டாசு ஆலையின் வாசலருகே நாற்பத்தேழாவது வேகத்தடை. கயிறு தளர்ந்திருக்க வேண்டும். பின்னால் 'கர்ர்ர்' என்று இழுபட்டது. இறங்கி ஸ்பானரும் கையுமாகப் பின்னால் ஓடினேன். அதற்குள் காவலாளி வந்துவிட்டார்.

"இரும்ப உரசிக்கிட்டு இங்கன வாரீக? அந்த ஸ்பானர மொதல்ல உள்ள போடுங்க. உள்ள எம்புட்டுப் பேரு வேல பாக்குறாக தெரியுமா?"

"கியர் போயிருக்குமோன்னு..."

"ஒங்க கியரு கெடக்கு. ஒரு பொறி போதும் இங்க."

வெட்கமாக இருந்தது. மதில் ஓரம் சைக்கிள்கள் வரிசையாக நின்றன; அவற்றை அப்போதுதான் பார்த்தேன். வெறுங்கையால் காலைத் தூக்கிக் கட்டிவிட்டு நடை வேகத்தில் நகர்ந்தோம்.

12.10, சிவகாசி. கருப்பசாமிக்குத் தெரிந்த சாகுல் பாய், அச்சு மிஷின்களைப் பழுது பார்க்கிறவர். படகைத் தொடுவது இதுதான் முதல் தடவை என்றார். காலின் அடித்தகட்டில் விரல் நீளத்துக்குச் சிராய்ப்பு. தடவிப் பார்த்தார். பட்டறையிலிருந்து ஒரு கட்டு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து காலுக்கு அடியில் விரித்தார். அதோடு விடாமல் டிரெய்லருக்கு அடியிலும் முழுக்க விரித்தார்.

"கால்தான பாய் அடிபட்டுச்சு?" என்றேன்.

"மிசினுக்கும் இப்படித்தான் விரிப்போம். முழுசா விரிச்சாத்தான் எங்கன எண்ணெ ஒழுகுதுன்னு தாளு சொல்லும். சாப்பிட்டீகளா? போயிட்டு ஒரு மணி நேரங் கழிச்சு வாங்க."

கருப்பசாமி நாலு பரோட்டா சாப்பிட்டார். என்னால் ஒன்றைக் கூட முடிக்க முடியவில்லை. 1.20க்குத் திரும்பி வந்து குனிந்தேன். காலுக்கு அடியில் தாள் போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லிக்கொண்டேன்.

சாகுல் பாய் இடது பின் சக்கரத்தருகே உட்கார்ந்திருந்தார். அங்கே தாளில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை. ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தை ஆட்டினார். ஆடும் பல் போல ஆடியது. கழற்றினால் சீல் கிழிந்து, கிரீஸ் உருகி வழிந்து, பேரிங் சூட்டில் நீலம் பாரித்திருந்தது.

"இன்னும் அம்பது கிலோமீட்டரு தாங்காது. சக்கரம் கழண்டா காலாவது கையாவது, மொத்தப் படகும் ரோட்டுலதான். கால மட்டுமே பாத்துக்கிட்டு வந்தீகளாக்கும்?"

கருப்பசாமி எனக்கு முன்பே தலையைக் குனிந்துகொண்டார். புது பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து 1,150 ரூபாய். நாலு சக்கரத்தையும் பார்த்துத்தான் அனுப்பினார்.

4.30க்குக் கிளம்பி, விருதுநகரில் மிளகாய்க் கிட்டங்கிகளைத் தும்மிக்கொண்டே கடந்து, அருப்புக்கோட்டை வழியாக இரவு தொண்டி சேர்ந்தோம். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, சக்கரக் குடத்தில் கை வைத்துச் சூடு பார்த்தோம். காலைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தேன்.

ஞாயிறு காலை 7 மணி. தொண்டியில் படகுக்கு அடியில் தாள் விரிக்க இடமில்லை, தண்ணீர்தான். ஆசிரியர்கள் எட்டுப் பேரும் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போலக் காலைப் பார்க்கக் குனிந்தேன். சாகுல் பாய் முழுக்கத் தாள் விரித்தது ஞாபகம் வந்தது. நிமிர்ந்து, முன்னாலிருந்து பின்னால்வரை படகை ஒரு முறை பார்த்தேன். மிதவைச் சட்டைகளை எண்ணினேன். எட்டு. ஆட்களை எண்ணினேன். எட்டு. என்னை எண்ணவில்லை என்பது கயிற்றை அவிழ்க்கப் போனபோதுதான் உறைத்தது. பக்கத்துப் படகிலிருந்து ஒன்பதாவது சட்டை வந்த பிறகே கிளம்பினோம்.