முன்பல் இல்லாத வகுப்பு

உம்மென்று இருக்கிற பிள்ளையைச் சிரிக்க வைக்க ஆளுக்கொரு வித்தை வைத்திருப்பார்கள். கிலுகிலுப்பை ஆட்டுவார்கள், மிட்டாய் காட்டுவார்கள், ஒன்றும் பலிக்காவிட்டால் "சிரிக்கிறியா இல்லையா?" என்று மிரட்டவும் செய்வார்கள். போட்டோக்காரம்மாவிடம் இருந்தது ஒரே வித்தைதான். அவள் மூஞ்சி. கன்னத்தை உப்பி, கண்ணை உருட்டி, ரெண்டு புருவத்தையும் நெற்றிக்கு மேல் ஏற்றி, கீழுதட்டைக் கொண்டுபோய் மூக்கில் ஒட்ட வைப்பாள். அதற்குத் தவளை என்று பெயர். தவளையைப் பார்த்துச் சிரிக்காத பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் சேரவில்லை.

வருஷா வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் படம் எடுப்பாள். பிள்ளைக்கு ஒன்று, வகுப்புக்கு ஒன்று. "வீட்டுல எப்பப் பாரு முறைச்சுக்கிட்டே திரியறான், உங்க படத்துல மட்டும் எப்படிம்மா இப்படிச் சிரிக்கிறான்?" என்று பெற்றவர்கள் கேட்பார்கள். அவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தொழிலில் ராணி மாதிரி இருந்தாள்.

ஒருநாள் காலையில் வாய் கொப்பளித்தாள். தண்ணீர் தொட்டியில் விழாமல் தோளில் வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் முகத்தின் இடது பக்கம் கிளிப் கழன்ற துணி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கிறது. கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சுதான் கொஞ்சம் குழறுகிறது. டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "மூளையில ஒண்ணும் இல்லைம்மா, முகத்து நரம்பு வீங்கியிருக்கு. பெரும்பாலும் சரியாயிடும்" என்றார். மாத்திரை, மசாஜ், கண்ணாடி முன்னால் பயிற்சி, எல்லாம் செய்தாள். பேச்சு திருந்தியது. அந்தப் பாழாய்ப்போன வாயோரம் மட்டும் அந்தப் 'பெரும்பாலும்' கணக்கில் சேரவில்லை.

முதலில் அவள் கவலையெல்லாம் கண்ணைப் பற்றித்தான். இடது கண்ணை மூடி வலது கண்ணால் கேமராவுக்குள் பார்த்துப் பழகியவள். இப்போது இடது கண் மூட மாட்டேன் என்றது. பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படம் எடுத்தாள். நாலைந்து மாதத்தில் கண் வழிக்கு வந்தது. அப்பாடா, இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தாள்.

வாய்க்கு ஒரு முகக்கவசம் போட்டுக்கொண்டாள். யாராவது கேட்டால் "தூசி ஒத்துக்கலை" என்பாள். வீட்டிலே தூசி என்று சொல்ல முடியாது, அதனால் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் வீட்டுக்காரர் மின்விசிறி ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசுகிற ஆள் இல்லை, கடைக்கு வருகிற ஃபேனே அவரைவிடச் சத்தம் போடும். அவரும் எதிரே உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அந்த வருஷம் எடுத்த படங்களைப் பெரிய மிஸ் மேஜையில் பரப்பி வைத்தார். பெரிய மிஸ் என்றால் தலைமையாசிரியை. எள்ளும் கொள்ளும் போட்டால் வெடிக்கிற முகம்.

"என்னம்மா இது, எல்லாப் பிள்ளையும் திருட்டுக் கேஸ்ல மாட்டின மாதிரி நிக்குது?"

பொய் இல்லை. வெளிச்சம் சரி, கோணம் சரி, சட்டைக் காலர் வரைக்கும் சரி. பிள்ளைகளின் கண்தான் செத்துக் கிடந்தது. அவளுக்கும் தெரிந்தது.

"இன்னும் ஒரு வருஷம் பார்க்கிறேன்" என்றார் பெரிய மிஸ். "அடுத்த தடவை முதல்ல ஒண்ணாம் வகுப்பை மட்டும் எடுங்க. அது நல்லா வந்தா மத்த வகுப்பு உங்களுக்கு. இல்லைன்னா அந்தப் புதுப் பையன் இருக்கான். பின்னாடி மலையா கடலான்னு கேட்டு கம்ப்யூட்டர்லயே வெச்சுத் தர்றானாம்."

மலையாம், கடலாம்! அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முதலில் அழுதாள், பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு கை பார்த்துடறேன்" என்றாள்.

பார்த்தாள், ஒரு கை இல்லை, ரெண்டு கையும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் ஆடத் தெரிந்தவள், இவளும் கூடத்தைத்தான் குறை சொன்னாள். லென்ஸை மாற்றினாள். நீலத் திரையைக் கழற்றிவிட்டு மஞ்சள் திரை கட்டினாள். கையில் மாட்டி ஆட்டுகிற துணிக் கிளி ஒன்று வாங்கினாள். சாயங்காலமானால் தெருமுனைப் பூங்காவுக்குப் போய், பெற்றவர்களிடம் கேட்டுக்கொண்டு பிள்ளைகளைப் படம் எடுப்பாள். பிள்ளைகள் கிளியைப் பார்த்தன. ரொம்ப மரியாதையாகப் பார்த்தன. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு படமாகப் பார்த்து எல்லாவற்றையும் அழிப்பாள். மறுநாள் மறுபடி போவாள்.

"ஏண்டி இப்படி உடம்பைப் போட்டு வருத்திக்கிற?" என்று அவள் அக்கா போனில் கேட்டாள். "உன் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார்ல, விட்டுத் தொலையேன்."

"தோத்துப் போறது வேறக்கா, விட்டுட்டுப் போறது வேற."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தாள். முதுகைத் திருப்பியபடியே வீட்டுக்காரரிடம், "எனக்குப் படம் வரலைங்க" என்றாள்.

"நாளைக்கு வரும்."

"நாளைக்கும் வரலைன்னா?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். "கடைக்கு வா. ஃபேனுக்குக் காயில் சுத்தக் கத்துத் தர்றேன்."

இதற்குச் சிரிப்பதா, அவர் தலையில் நாலு போடுவதா என்று தெரியாமல் அவள் எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் திரை கட்டியாகிவிட்டது. விளக்கு, கேமரா ஸ்டாண்டு, பிள்ளைகள் உட்கார ஒரு முக்காலி. வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிட வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்று. அதைப் பிடிக்க மட்டும் வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வருவார், அன்றைக்கும் வந்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே வந்தது. கிளி ஆடியது. "ஸ்மைல் பண்ணு கண்ணு" என்றாள் வகுப்பு டீச்சர். ஒவ்வொன்றும் உதட்டை இறுக்கிக்கொண்டு, கசப்பு மருந்துக்குப் பயந்த மாதிரி உட்கார்ந்தது. ஒரு பையன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டான்.

எடுத்தவரைக்கும் திருப்பிப் பார்த்தாள். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை. எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. "இதுங்களுக்குச் சிரிக்கவே தெரியாதா?" என்று கேட்டேவிட்டாள்.

"முன்பல்லு விழுற வயசு மேடம்" என்றாள் டீச்சர். "எல்லாத்துக்கும் பொக்கை வாய். வெக்கப்படுதுங்க."

அந்த நேரம் பார்த்து வெளியே வராந்தாவில், வரிசையில் நின்ற பிள்ளைகள் எதற்கோ ஓவென்று சிரித்தன. அவள் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். யாரோ ஒருவன் செருப்பைக் காதில் வைத்துப் போன் பேசிக்கொண்டிருந்தான். அத்தனையும் வாயைப் பிளந்து, மேலே ஓட்டை கீழே ஓட்டை எல்லாம் தெரிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கின்றன. எங்கே இருக்கிறது வெட்கம்? அவள் தலையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. உதடுகள் ஒட்டிக்கொண்டன.

அவளுக்குச் சுருக்கென்றது. பல்லில் இல்லை கோளாறு. லென்ஸில் இல்லை, திரையில் இல்லை, கிளியிலும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் மூடுதுங்க.

அடுத்து வந்தது ஒரு பெண் பிள்ளை. ஒல்லிக்குச்சி. கூட்டாளிகள் அவளைப் பென்சில் என்று கூப்பிட்டார்கள். முக்காலியில் ஏறி உட்கார்ந்து, கிளியைக் கண்டுகொள்ளாமல், முகக்கவசத்தையே உற்றுப் பார்த்தது.

"உங்களுக்கும் பல்லு விழுந்துடுச்சா?"

"என்னது?"

"அதான் மூடி வெச்சிருக்கீங்களா?"

டீச்சர் "ஏய், வாயை மூடு" என்று அதட்டினாள். போட்டோக்காரம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பல்லெல்லாம் இருக்கு. வாய்தான் ஒரு பக்கம் வேலை செய்யலை."

"காட்டுங்க."

"நீ முதல்ல உன் பல்லைக் காட்டு."

"நீங்கதானே பெரியவங்க, நீங்க முதல்ல காட்டுங்க."

நியாயம்தானே? பெரியவர்கள் எல்லாவற்றுக்கும் முதலில் பிள்ளைகளைத்தான் தள்ளிவிடுகிறோம். அவள் கை காதுப் பக்கம் போய் நின்றது. பயந்தாள், நன்றாகவே பயந்தாள். இந்தப் பிள்ளை அலறினால் இனி ஜென்மத்துக்கும் கேமராவைத் தொட முடியாது என்று அவளுக்குத் தெரியும். படம் வராவிட்டால் வராது, அதையாவது தெரிந்துகொண்டு போகலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கவசத்தைக் கழற்றினாள்.

பென்சில் அலறவில்லை. முக்காலியிலிருந்து இறங்கி வந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, கடையில் பொம்மை வாங்குகிற மாதிரி ஆராய்ந்தது.

"இந்தப் பக்கம் தூங்குது."

"ஆமா."

"எழுப்பினா எழுந்துக்காதா?"

"ரொம்ப எழுப்பிப் பார்த்துட்டேன்டி. சரியான கும்பகர்ணன்."

களுக்கென்று ஒரு சத்தம். பென்சில் ஓடிப்போய் முக்காலியில் ஏறி, தன் பங்குக்கு வாயைத் திறந்து, பல் இல்லாத சந்து வழியாக நாக்கை நீட்டிக் காட்டியது. காட்டிவிட்டுத் தன் சாமர்த்தியத்துக்குத் தானே சிரித்தது. போட்டோக்காரம்மாவின் விரல் அவளைக் கேட்காமலே பட்டனை அழுத்திவிட்டது. படத்தைப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிந்தது.

அப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. "போட்டோ ஆன்ட்டிக்கு ஒரு பக்கம் தூங்குது!" என்று பென்சில் வராந்தாவில் தண்டோரா போட்டுவிட்டது. முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். நீ காட்டு, நான் காட்டுகிறேன், கைமேல் பண்டமாற்று. ஏற்கனவே எடுத்தவர்களும் மறுபடி வரிசையில் நின்றார்கள். ஒரு பையன் மட்டும் "எனக்குப் பயமா இருக்கு" என்று பின்வாங்கினான். "எனக்கும் முதல்ல பயமாத்தான் இருந்துச்சுப்பா" என்றாள். அவன் ஒவ்வொரு அடியாகக் கிட்டே வந்தான். அவன் சிரிக்கவில்லை, கண்ணை அகல விரித்து நேராகப் பார்த்தான். அந்தப் படமும் உயிரோடு வந்தது.

பெரிய மிஸ் பார்க்க வந்தார். கேமராவின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். எள்ளும் கொள்ளும் வெடித்தன.

"என்னம்மா கூத்து இது! ஒரே ஓட்டை வாயா இருக்கு. பெத்தவங்க சண்டைக்கு வரமாட்டாங்க? எல்லாரையும் வாயை மூடச் சொல்லி மறுபடி எடுங்க."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மற்ற வகுப்பெல்லாம் கைக்கு வந்துவிடும். முந்தைய நாள் வரைக்கும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்?

"எடுக்க மாட்டேன் மிஸ்."

"என்ன?"

"ஒண்ணாம் வகுப்புன்னா இப்படித்தான் இருக்கும். அடுத்த வருஷம் பல்லு முளைச்சிடும், அப்புறம் யாரு தலைகீழா நின்னாலும் இந்த வாய் கிடைக்காது. வாயை மூடித்தான் வேணும்னா அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக்கோங்க. மலை, கடல் எல்லாம் வெச்சுத் தருவாரு."

அப்போதுதான் பெரிய மிஸ் அவள் முகத்தை, கவசம் இல்லாத முகத்தை, சரியாகப் பார்த்தார்.

"வகுப்புப் படமாவது ஒழுங்கா வரட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவே போட்ட நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். பெரிய மிஸ் பக்கத்தில் வந்ததும் அத்தனை வாயும் பூட்டிக்கொண்டது. கேமராவுக்குள் பார்த்தாள். பழைய செத்த படம். வேறு நாளாக இருந்தால் அழுத்திவிட்டுப் போயிருப்பாள். இன்றைக்கு அவள் தள்ளி நின்றே படம் எடுக்கிற ரிமோட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னாலிருந்து விலகி, எல்லார் எதிரிலும் வந்து நின்றாள். தவளை போட்டாள்.

ஒரு பக்கம் கன்னம் உப்பியது, ஒரு பக்கம் காற்று புஸ்ஸென்று போனது. ஒரு புருவம் ஏறியது, ஒன்று அசையவில்லை. உதடு மூக்கைத் தேடிக் கிளம்பி, பாதி வழியில் திசை தெரியாமல் காதுப் பக்கம் திரும்பிக்கொண்டது. முழு முகம் இருந்த காலத்தில்கூட அவள் இப்படி ஒரு தவளை போட்டதில்லை. வகுப்பு வெடித்தது. அதட்டுவதற்காக வாயைத் திறந்த பெரிய மிஸ் எதிரே இருந்த தவளையைப் பார்த்தார், திறந்த வாய் திறந்தபடியே சிரிப்பாகிவிட்டது. அவள் அழுத்தினாள்.

பெரிய மிஸ் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"என் வாய் இவ்வளவு பெரிசா?"

"அவ்வளவு பெரிசுதான் மிஸ்."

"ம்." கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "ரெண்டாம் வகுப்பை வரச் சொல்றேன். அதுங்களுக்கு அரைப் பல்லு முளைச்சிருக்கும். பார்த்துக்கோங்க."

ஒன்றாம் வகுப்பு கலைந்து போனது. போட்டோக்காரம்மா முக்காலியை நேராக்கிவிட்டு, வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று கேமராவுக்குள் பார்த்தாள். முக்காலியின் மேல் வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. தெர்மாகோல் அட்டை ஆடுகிறது.

"என்னங்க, அட்டையை அசைக்காதீங்க."

"நான் எங்க அசைக்கிறேன்?" என்றார் அட்டைக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர்.

அவள் போய் அட்டையை விலக்கினாள். அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளாச்சு, உன் மூஞ்சியைப் பார்த்து" என்றார்.

அவள் திரும்பிக்கொள்ளவில்லை. அவர் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றாள். வராந்தாவில் காலடிச் சத்தம் நெருங்கி வந்தது.

"பார்த்தாச்சுல்ல? மூக்கைத் துடைச்சுட்டு அட்டையைப் பிடிங்க. பசங்க வந்தாச்சு."