ஹாலுக்கு ஃபைபர் இழுத்த ஞாயிறு

எனக்கு ஃபைபர் கேபிள் அத்துப்படி. பெருங்களத்தூரிலிருந்து பொத்தேரி வரை மண்ணுக்கடியில் எங்கே எது போகிறதென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இருபது வருஷமாக அதுதான் என் பிழைப்பு. காதும் நல்ல காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் நான் டெனர், ஆண்களில் மேல் குரல்; என் மனைவி ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க் குரல். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிப் போகும். எனக்கு நேர் முன்னால் நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை ஒத்திகையில், குழுவை நடத்தும் குவையர் மாஸ்டர் கையைத் தட்டிப் பாட்டை நிறுத்தினார். என் மனைவியைப் பார்த்து, "சிஸ்டர், கடைசி அல்லேலூயால ஸ்ருதி இறங்குது" என்றார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூட நாளிலிருந்து பாடுகிறவள் அவள். வீட்டுக்கு வந்ததும், "இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் பாடல. நீங்க மட்டும் போங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. மாஸ்டர் அனுப்பிய ஒத்திகை ரிகார்டிங்கை வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டு, தப்பு அவளுடையது இல்லை என்று நிரூபித்துவிடுவதாகச் சவால் விட்டேன். ஆனால் அந்த ஸ்பீக்கரில் எந்நேரமும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். அதற்குக் காரணமும் நான்தான். மாடம்பாக்கத்தில் வீடு கட்டியபோது, சுவரை இன்னொரு தடவை வெட்டச் சோம்பல்பட்டு, இன்வெர்ட்டர் ஒயர் போகும் பைப்பிலேயே, ஹால் ஸ்பீக்கருக்குப் பாட்டு கொண்டுவரும் நெட் கேபிளையும் இழுத்துவிட்டேன். எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதே கதைதான். செம்புக் கம்பி பாட்டோடு கரண்ட்டின் இரைச்சலையும் சேர்த்துக் கொண்டுவந்து ஸ்பீக்கரின் ஆம்பிளிஃபயரில் கொட்டியது. ஊருக்கெல்லாம் ஃபைபர் போடுகிறவன் வீட்டு ஹாலுக்குச் செம்பு!

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"சுவத்த ஒடைக்கப் போறீங்களா?"

"ஒரு பொட்டு சிமெண்ட் உதிராது, பாரு."

இன்வெர்ட்டரை அணைத்தேன். பழைய கேபிளின் நுனியில் ஃபைபரைக் கட்டி, மறுமுனையிலிருந்து மெல்ல இழுத்தேன். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. வளைவில் அவசரப்பட்டால் போயிற்று. ஆனால் அதில் வெளிச்சம் மட்டும்தான் போகும், கரண்ட்டின் இரைச்சல் ஒட்டாது. சிக்னலை வெளிச்சமாக்க ஒரு முனையிலும், வெளிச்சத்தை மறுபடி சிக்னலாக்க மறுமுனையிலும் ஒரு சின்னப் பெட்டி. கோழிக் குழம்பு ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

ஆம்பிளிஃபயரைப் போட்டேன். ஆன் ஆகவில்லையோ என்று விளக்கைப் பார்த்தேன்; அவ்வளவு அமைதி. பெருமை தாங்கவில்லை. அவளை நாற்காலியில் உட்கார வைத்து ரிகார்டிங்கை ஓடவிட்டேன்.

ஒவ்வொரு குரலும் தனித்தனியாகக் கேட்டது. கடைசி அல்லேலூயா வந்தது. அவள் குரல் சுத்தமாக மேலே போய் நின்றது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு குரல் ஏற முடியாமல் வழுக்கி, எல்லாரும் முடித்த பிறகும் அந்த 'யா'வை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அப்படி இழுக்கிறவன் எங்கள் குழுவில் ஒருத்தன்தான்.

இன்னொரு தடவை போட்டேன். மாறவில்லை. வெட்கமாக இருந்தது.

"நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"உங்களுக்கு முன்னாடிதான வருஷக்கணக்கா நிக்கிறேன்? எல்லார் முன்னாடியும் உங்களக் கை காட்டவா முடியும்? வீட்ல சொன்னா, கேபிள் சரியில்லம்பீங்க."

அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவள் எதிரிலேயே மாஸ்டருக்கு போன் போட்டேன். "சார், அது அவங்க இல்ல, நான்தான். வர்ற சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன்" என்றேன்.

போனை வைத்ததும், சாப்பிட விடாமல், அந்த வரியை என்னைப் பாடச் சொன்னாள். நாலு தடவை தனியாகப் பாட வைத்தாள். ஐந்தாவது தடவை அவளும் சேர்ந்துகொண்டாள்.