வாப்பா பெயரில் ஓடிய வண்டி

வாப்பா மவுத்தாகி அடக்கம் முடிந்து சில வருஷம் கழித்து, அவருடைய வண்டி நகரத்தின் ஆலைப் பகுதியான லைங் தாயாவில் தையல் ஆலைப் பெண் ஒருத்தியின் காலை ஒடித்துவிட்டது என்று போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. டிரைவர் ஓடிவிட்டான். இப்போது வண்டி யாருடையது என்று காட்டாவிட்டால் உம்மா ஸ்டேஷனுக்கு வந்து பதில் சொல்லவேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாப்பா வைத்திருந்தது இரண்டே பேர் உட்காரும் பச்சை நிற இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். தன் ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. வாப்பா படுக்கையில் விழுந்ததும், காக்கா காக்கா என்று அவர் பின்னாலேயே திரிந்த தம்பி, எங்கள் சாச்சா, அதைத் தின்கன்ஜூன் பேட்டைக் கடைக்காரர் ஒருவருக்கு விற்றார். எங்கள் ஊரில் வண்டியை விற்றால் யாரும் பெயர் மாற்றுவதில்லை. சாவி கைமாறும், பெயர் பழைய ஆளுடையதாகவே கிடக்கும். நாசமாய்ப் போன வழக்கம்.

நான் தேடிப் போனதும் கடைக்காரர் நகரத்தின் இன்னொரு கோடியில், ஷ்வேப்யிதாவில் ஒரு பட்டறையைக் கைகாட்டினார். அங்கே காரே இல்லை. புது வண்டி இறக்க அனுமதி கிடைக்காத ஊரில் காரைவிட நம்பருக்குத்தான் மவுசு. காரை வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டு, நம்பரை ஒரு பிக்கப்பில் மாட்டி விற்றிருந்தார்கள். காரிலிருந்து கழற்றிப் போட்ட வாப்பாவின் சீட்டில் சாய்ந்து பட்டறைக்காரர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருடா என்று கத்தலாம் போல இருந்தது.

வாங்கியவர் உங்கள் தமிழ் ஆள்தான் என்றார் அவர். வேறு நம்பர்களும் காட்டினாராம். இதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். நெற்றியில் தழும்பு, வெற்றிலை வாய். சாச்சாவேதான்.

அண்ணன்மேல் பாசம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். மடச்சி.

போனபோது சாச்சா சோறு தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இன்னொருவன். லைங் தாயா என்று நான் வாயெடுத்ததும் அவன் தலையைக் குனிந்தான். ஓடிப்போன டிரைவர்.

"காக்கா ஞாபகமா இருக்கட்டும்னு வாங்கினேன் மவளே."

"அப்ப ஸ்டேஷனுக்கு வாங்க சாச்சா."

"நான் எதுக்கு? பேரு காக்கா பேரு. மவுத்தானவர என்ன செஞ்சிருவாங்க? உங்க உம்மா போய்ச் சொல்லிட்டு வரட்டும்."

இதற்காகத்தான் அந்த நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கிறார். எது நடந்தாலும் போலீஸ் எங்கள் கதவைத்தான் தட்டும். இவர் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், குடும்ப மானம் போகும் என்று உம்மா என் கையைப் பிடித்தார். உதறினேன். அன்று சாயங்காலம் போலீஸ் சரியான வீட்டுக்குப் போனது. வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தது நான்தான்.