மரத்தில் சுரண்டிய பாசி

தூத்துக்குடியில் தோணிகளின் அடியில் பாசி சுரண்டுவது என் தொழில். எழுபதுகளில் ஒரு மாசி மாதம், வேலை இல்லாமல் மலையில் ஏலக்காய்த் தோட்டக் கூலிக்குப் போனேன்.

குடியிருப்பின் முன்னால் நின்ற மரம் முழுக்கப் பாசி. என் கை சும்மா இருக்கவில்லை. ஒரே காலையில் எல்லாவற்றையும் சுரண்டித் தள்ளிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு மாரியம்மாள் ஓடிவந்தாள்.

“என்ன அண்ணாச்சி, இப்படிச் செஞ்சிட்டிய? மழையில்லாத மாசம் இந்தப் பாசிதான மஞ்சுமூட்டத்தைப் புடிச்சுச் சொட்டும்! அந்த ஈரத்துலதான என் நாத்து நிக்கு!”

மரத்தடியில் அவள் வைத்திருந்த ஏல நாற்றுகளை அப்போதுதான் பார்த்தேன். மழை வரும்வரை ஊற்றிலிருந்து குடம் சுமந்து ஊற்றினேன். பாதிதான் பிழைத்தது.

இன்றும் தோணியில் பாசி சுரண்டுகிறேன். பாசியில் சுரண்டியை வைக்கும் முன், வெறும் கடற்கரை மணல்தான் என்று தெரிந்தும், ஒருமுறை கீழே குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.